‘1,70,000 டாலர்’ கணக்கில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவில் பார்சல் வண்டி ஓட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,70,000 டாலர் சம்பளம் என்ற செய்தி 2023-இலிருந்து இங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே, பார்சல் நிறுவனங்களில் யுபிஎஸ் நல்ல நிர்வாகம், ஃபெடெக்ஸும் அமேசானும் கெட்ட நிர்வாகம் என்று ஒரு தீர்ப்பும் வருகிறது. எண்ணும் அரைகுறை, தீர்ப்பும் அரைகுறை. இந்த நிறுவனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் முதலாளியின் குணத்துக்குப் பங்கு மிகக் குறைவு. ஓட்டுநரின் சம்பளச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, அவர் எந்தச் சட்டத்துக்குள் வருகிறார் என்ற இரண்டையும் பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் எண். யுபிஎஸ் தலைவர் கரோல் டோமே 2023 ஆகஸ்டில் சொன்ன கணக்கு அது. டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிலாளர் சங்கத்தோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் முடிவில், முழுநேர ஓட்டுநர் ஒருவருக்காக நிறுவனம் சராசரியாகச் செலவிடப்போவது அவ்வளவு. அதில் சம்பளமும் உண்டு. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியத்துக்குக் கட்டும் தொகை எல்லாமும் உண்டு. அதற்கு முன் நிறுவனமே சொல்லிவந்த கணக்கு, சம்பளம் சுமார் 95,000 டாலர், மற்ற பலன்கள் சுமார் 50,000 டாலர் என்பது. கைக்கு வருவதையும் நிறுவனத்தின் மொத்தச் செலவையும் குழப்பிக்கொண்டால், இங்கே ‘சிடிசி’ பார்த்து ஏமாறுகிற கதைதான்.

அந்த எண் முழுநேர ஓட்டுநருக்கு மட்டுமே பொருந்தும். ஒப்பந்தத்துக்குள் வரும் சுமார் 3,40,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பகுதிநேரத் தொழிலாளர்கள். விடியற்காலையில் கன்வேயரில் வரும் பெட்டிகளைப் பிரித்து வண்டிகளில் ஏற்றுவது அவர்கள்தான். 2023 ஒப்பந்தப்படி அவர்களுடைய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 21 டாலர். நாளுக்கு உத்தரவாதம் மூன்றரை மணி நேரம். ஐந்து நாளுக்கு 367.50 டாலர் வருகிறது. வாடகை கொடுக்கவே திணறும் தொகை இது. இருந்தும் பலர் விடாமல் இருப்பதற்குக் காரணம், குறிப்பிட்ட காலம் காத்திருந்த பின் கிடைக்கும், மாதப் பிரீமியம் கட்டத் தேவையில்லாத மருத்துவக் காப்பீடு. இன்னொரு காரணம், பணிமூப்பு வரிசையில் நின்று ஒருநாள் ஓட்டுநர் இருக்கையைப் பிடிக்கலாம் என்பது. பிடித்த பிறகும் உச்ச ஊதியத்தை எட்ட நான்கு ஆண்டு ஆகும். தொடக்கம் மணிக்கு 23 டாலர். ஒப்பந்த முடிவில் உச்சம் சராசரியாக 49 டாலர்.

இதை நிறுவனத்தின் தாராள மனசு என்று எழுதுபவர்கள் 1997-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆகஸ்டில் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகுதிநேர வேலையே பெருகிக்கொண்டு போனதுதான் அடிப்படைப் பிரச்சினை. 10,000 முழுநேர வேலைகளை உருவாக்க நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே அது முடிந்தது. சங்கமும் புனிதமானது என்று சொல்ல வரவில்லை. 2018-இல் ‘22.4’ என்ற இரண்டாம் தர ஓட்டுநர் வகையை உருவாக்கியபோது சங்கத் தலைமையே கையெழுத்திட்டது. ஒப்பந்தத்தின் விதி எண்ணே அந்தத் தொழிலாளர்களுக்குப் பெயராகிவிட்டது. அதே பழுப்பு வண்டி, அதே சீருடை, குறைந்த ஊதியம். உறுப்பினர்களில் வாக்களித்தவர்கள் 54 சதவீதம் எதிர்த்தார்கள். ஆனால் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்ததால், நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு வேண்டும் என்ற சங்க விதியைக் காட்டி ஒப்பந்தம் அமலாயிற்று. அந்தக் கோபத்தில் 2021-இல் விதியும் போயிற்று, தலைமையும் மாறிற்று. ஷான் ஓ’பிரையன் சங்கத் தலைவராக வந்தார். 2023 ஒப்பந்தம் 22.4 வகையை ஒழித்தது.

இனி அன்றாட நிர்வாகம். யுபிஎஸ் மேலாளர்கள் மென்மையானவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு ஓட்டுநரின் நாளுக்கும் கணினி ஒரு நேரம் திட்டமிடுகிறது. அதைத் தாண்டினால் ‘ஓவர் அலவ்ட்’. வண்டி எப்போது பின்னோக்கிப் போனது, கதவு எப்போது திறந்தது, சீட் பெல்ட் போட்டிருந்தாரா என்று சென்சார்கள் சொல்லிவிடும். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்பதை ஓரியன் மென்பொருள் தீர்மானிக்கும். எண்கள் மோசமானால் சூப்பர்வைசர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு நாள் முழுக்கக் கூடவே வருவார். இந்த அழுத்தம் போட்டி நிறுவனங்களில் இருப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. அது எங்கே போய் முட்டி நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ஜிபிஎஸ் தகவலை மட்டும் வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. நேர்மையின்மை மட்டும் விதிவிலக்கு. அதனால் சூப்பர்வைசர் ஒளிந்து நின்றாவது நேரில் பார்த்ததாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தொழிலாளர் செய்யவேண்டிய வேலையைச் சூப்பர்வைசரே செய்தால், யாருடைய வேலை போனதோ அவர் புகார் எழுதி, அந்த நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் கேட்கலாம். டிசம்பர் நெரிசலில் ஆள் போதவில்லை என்று சூப்பர்வைசர் பெட்டி தூக்க ஆரம்பித்தால், பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பார்.

‘9.5’ விதி இன்னும் சுவாரசியமானது. அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்த ஓட்டுநருக்கு, ஒரு வாரத்தில் மூன்று நாள் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுத்தால், கூடுதல் நேரத்துக்கு நிறுவனம் தண்டத்தொகையாக மும்மடங்கு ஊதியம் தரவேண்டும். எழுத்தில் இது கோட்டைச் சுவர். நடைமுறையில் ஓட்டைகள் உண்டு. பட்டியலில் பெயர் கொடுக்காதவருக்குப் பாதுகாப்பு கிடையாது. கொடுத்தவரும் ஒவ்வொரு முறையும் புகார் எழுதவேண்டும். மேலாளரிடம் தீராவிட்டால் உள்ளூர் விசாரணை, அங்கும் தீராவிட்டால் நிறுவனமும் சங்கமும் சம எண்ணிக்கையில் உட்காரும் குழு, கடைசியில் வெளி நடுவர் என்று ஏணி நீளம். மாதக்கணக்கில் இழுக்கும். மற்ற புகார்களோடு சேர்த்துப் பேரம் பேசி முடித்துவிடுகிறார்கள் என்ற குறையும் உண்டு. ஆனாலும் ஏணியின் உச்சியில் நிறுவனத்தைச் சேராத ஒருவர் இருக்கிறார். ஃபெடெக்ஸைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைக்கவேண்டும்.

வெயில் விஷயத்தில் யுபிஎஸ்ஸைப் பாராட்ட ஒன்றுமில்லை. 2024 ஜனவரி 1-க்குப் பிறகு வாங்கும் வண்டிகளுக்குத்தான் ஏசி. பழைய வண்டிகளுக்கு மின்விசிறி, வெப்பத் தடுப்புத் தகடு, காற்றுத் துளை. தகரக் கூரைக்கு அடியில் பெட்டி தேடுகிறவருக்கு, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் சுழலும் விசிறியால் என்ன பயன்?

ஃபெடெக்ஸுக்கு வருவோம். வெளியே ஒரே பெயர். உள்ளே நெடுங்காலம் இரண்டு வேறு உலகங்கள். 1973-இல் மெம்பிஸிலிருந்து 14 விமானங்களோடு தொடங்கிய எக்ஸ்பிரஸ் ஒன்று. 1998-இல் வாங்கிய ஆர்பிஎஸ் நிறுவனத்திலிருந்து வளர்ந்த கிரவுண்ட் இன்னொன்று.

எக்ஸ்பிரஸ் ஓட்டுநர்கள் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள். ஆனால் அவர்கள் 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குள் வருகிறார்கள். சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு ரயில்வே சட்டமா என்று கேட்கத் தோன்றும். அது விமான நிறுவனங்களுக்கும் பொருந்தும் சட்டம்; ஃபெடெக்ஸ் தன்னை விமான நிறுவனம் என்று நிறுத்திக்கொண்டது. 1996-இல் நாடாளுமன்றமும் அதற்குச் சாதகமாகச் சட்டத்தில் ஒரு சொற்றொடரைத் திருப்பிச் சேர்த்தது. யுபிஎஸ்ஸும் விமானங்கள் வைத்திருக்கிறது. அங்கே விமானிகள் போன்ற விமானப் பிரிவினர் மட்டும் ரயில்வே சட்டத்தில் வருகிறார்கள். வண்டி ஓட்டுபவர்கள் 1935-ஆம் ஆண்டின் பொதுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் வருகிறார்கள்.

இதன் விளைவு என்ன? பொதுச் சட்டத்தில் ஒரே ஒரு கிளையில் வேலை செய்பவர்கள்கூட வாக்கெடுப்பு நடத்திச் சங்கம் அமைக்கலாம். ரயில்வே சட்டத்தில் நாடு முழுக்க அந்தப் பிரிவில் உள்ள அத்தனை பேரும் ஒரே தொகுதி. 2012-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பின், வாக்கெடுப்பு கேட்கவே அவர்களில் பாதிப் பேரின் கையெழுத்து வேண்டும். ஒரு ஊரில் நூறு பேர் ஒன்றுசேர்ந்தாலும் அந்த நூறு கையெழுத்துக்கு மதிப்பில்லை. 2009-இல் இந்தச் சட்டநிலையை மாற்ற முயற்சி நடந்தபோது, ஃபெடெக்ஸ் அதை ‘பிரவுன் பெயிலவுட்’ என்று பெயரிட்டுப் பெரும் விளம்பரப் போர் நடத்தியது. பிரவுன் என்றால் யுபிஎஸ், பெயிலவுட் என்றால் அரசு கைதூக்கிவிடுவது. முயற்சி தோற்றது.

சங்கம் உள்ளவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் நடை மெதுவாகத்தான் இருக்கும். அங்கே ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை, ‘திருத்தத்துக்கு உரியது’ ஆகிறது. வேலைநிறுத்தத்துக்குப் போக அரசின் சமரச வாரியம் விடுவிக்கவேண்டும். அதன் பிறகும் 30 நாள் காத்திருக்கவேண்டும். ஃபெடெக்ஸ் விமானிகள் 2021-இல் பேச்சைத் தொடங்கினார்கள். 2023 ஜூலையில் வந்த உடன்பாட்டை 57 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

சங்கம் இல்லாத எக்ஸ்பிரஸ் ஊழியர்களுக்கு நிறுவனமே ஒரு முறையீட்டு ஏற்பாடு வைத்திருக்கிறது. மேலாளர், உயர் அதிகாரி, தலைமை நிர்வாகிகளின் மேல்முறையீட்டுக் குழு என்று மூன்று படி. நியாயமாக நடந்த முறையீடுகள் இருக்கலாம். ஆனால் மூன்று படியிலும் உட்கார்ந்திருப்பது நிறுவனம்தான். ‘மக்கள், சேவை, லாபம்’ என்பது நிறுவனர் ஃபிரெட் ஸ்மித் சொல்லிவந்த வரிசை. மக்களுக்கு முதலிடம் கொடுத்த அந்த நிறுவனம்தான் 2020-இலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டத்தை மூடியது. தடுக்க ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஸ்மித் 2025 ஜூனில் காலமானார். 2022-இலிருந்து தலைமைப் பொறுப்பில் இருக்கும் ராஜ் சுப்ரமணியம் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். நம் செய்திகளில் ஃபெடெக்ஸ் பற்றி அதிகம் வருவது அந்த ஒரு தகவல்தான்!

கிரவுண்ட் பிரிவில் ஓட்டுநருக்கு ஃபெடெக்ஸ் முதலாளியே இல்லை. முதலில் ஓட்டுநர்களையே ‘சுயதொழில் ஒப்பந்ததாரர்’ என்று வைத்திருந்தார்கள். வண்டி அவருடையது, டீசல் அவருடையது, சீருடைச் செலவும் அவருடையது. எந்த நிறத்தில் வண்டி இருக்கவேண்டும், முடி எப்படி வெட்டியிருக்கவேண்டும் என்பது மட்டும் ஃபெடெக்ஸ் சொல்படி. 2014-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கலிஃபோர்னியா ஓட்டுநர்கள் சட்டப்படி ஊழியர்களே என்று சொல்லிவிட்டது. 2015-இல் 22.8 கோடி டாலருக்குச் சமரசம். மறு ஆண்டு வேறு 20 மாநில வழக்குகளுக்காக 24 கோடி டாலர்.

அதற்கு நிறுவனம் கண்ட வழி, ஓட்டுநரைத் தன் ஊழியராக எடுத்துக்கொள்வது அல்ல. நடுவில் ஒரு சிறு முதலாளியை வைப்பது. பல ரூட்டுகளை வாங்கி நடத்தும் ஒரு கம்பெனியே ஒப்பந்ததாரராக இருக்கமுடியும். ஓட்டுநர் அந்தக் கம்பெனியின் ஊழியர். ஃபெடெக்ஸ் அந்த ஒப்பந்ததாரருக்கு வாராவாரம் பெட்டிக்கு இவ்வளவு, நிறுத்தத்துக்கு இவ்வளவு, எரிபொருளுக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்க்கிறது. அதிலிருந்துதான் வண்டித் தவணை, காப்பீடு, டயர், டீசல், சம்பளம் எல்லாம். இதில் ஒப்பந்ததாரர் பிடித்து இழுக்கக்கூடியவை இரண்டே. ஒன்று சம்பளம், மற்றது பராமரிப்பு. பிரேக் தேய்ந்த வண்டியை ஒருநாள் பட்டறையில் விட்டால் அன்றைய வருமானம் போச்சு. யுபிஎஸ்ஸில் வண்டியும் பட்டறையும் நிறுவனத்துடையவை. பழுது என்று ஓட்டுநர் எழுதிக்கொடுத்தால் சொந்தப் பணம் யாருக்கும் போவதில்லை.

ஓவர்டைம் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. ஆனால் மாநிலம் கடந்து போகும் சரக்கைக் கையாளும் ஓட்டுநருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு: வண்டியின் எடைத் தகுதி 10,000 பவுண்டு (சுமார் 4,536 கிலோ) அல்லது அதற்குக் குறைவு என்றால் ஓவர்டைம் தரவேண்டும். சுமை உட்பட அதிகபட்ச எடை என்ன என்று ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் இதற்குச் சாட்சி. பெரிய ஸ்டெப் வேன் என்றால் இல்லை, சிறிய சரக்கு வேன் என்றால் உண்டு. ஒரே ஓட்டுநர், ஒரே ரூட். போன வாரம் ஓட்டிய வண்டிக்கு இல்லை, இந்த வாரம் ஓட்டிய வண்டிக்கு உண்டு.

இங்கேதான் ‘நாள் சம்பளம்’ தகராறாகிறது. நாளுக்கு 170 டாலர், ஆறு நாள், மொத்தம் 60 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 1,020 டாலரை 60-ஆல் வகுத்தால் மணிக்கு 17. நாற்பதைத் தாண்டிய 20 மணி நேரத்துக்குக் கூடுதலாக அரை மடங்கு, அதாவது 8.50 வீதம் 170 டாலர் சேரவேண்டும். வாரத்துக்குச் சரியாக ஒருநாள் சம்பளம். நாள் சம்பளம் கொடுத்துவிட்டோம், அதோடு சரி என்று நினைக்கும் சிறு முதலாளியிடம் விட்டுப்போவது இந்தத் தொகைதான். வழக்கு போட்டால் அதற்குள் அவர் ரூட்டுகளை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். யுபிஎஸ் ஓட்டுநர் ஸ்டிக்கரைப் பார்க்கவேண்டியதே இல்லை. எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பத்து மணி நேர நாளுக்குப் பதினொரு மணி நேர ஊதியம்.

2024 ஜூனில் எக்ஸ்பிரஸையும் கிரவுண்டையும் ஒரே நிறுவனமாக இணைத்துவிட்டார்கள். நேரடி ஊழியரும் ஒப்பந்ததாரரின் ஊழியரும் இருக்கும் ஊர்களில் எவருடைய வேன் மிஞ்சப்போகிறது என்பதுதான் அங்கே இப்போதைய கவலை.

அமேசான் இதே ஏற்பாட்டை இன்னும் இறுக்கியிருக்கிறது. 2018-இல் தொடங்கிய திட்டத்தில் ஒப்பந்ததாரருக்கு 20 முதல் 40 வேன். அமேசான் பெயர் எழுதியது. ரூட்டை அமேசான் செயலி போடும், உள்ளே கேமரா பார்க்கும், வாராவாரம் மதிப்பெண் வரும். முதலாளி மட்டும் வேறொருவர். கலிஃபோர்னியாவின் பாம்டேலில் 2023 ஏப்ரலில் 84 ஓட்டுநர்கள் டீம்ஸ்டர்ஸில் சேர்ந்தார்கள். அவர்களுடைய ஒப்பந்ததாரர் சங்கத்தை ஏற்றார். அமேசானோ அந்த ஒப்பந்ததாரரையே விலக்கியது. முடிவு அதற்கு முன்பே எடுத்தது என்பது நிறுவனத்தின் பதில். 2024 ஆகஸ்டில் தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி, அமேசானும் கூட்டு முதலாளியே என்று முடிவுக்கு வந்தார். நிறுவனம் அதை ஏற்கவில்லை.

ஓட்டுநர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்கவேண்டியிருக்கிறது என்ற புகாரை முதலில் கிண்டலடித்து மறுத்த அமேசான், 2021 ஏப்ரலில் மன்னிப்புக் கேட்டது. இதையும் வெறும் இரக்கமின்மை என்று முடித்துவிட முடியாது. யுபிஎஸ்ஸில் பணிமூப்புப்படி ஓட்டுநர் ஒரு ரூட்டை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் அதே தெருக்கள். எந்தக் கடையில் கழிப்பறை, எந்த வீட்டில் கடிக்கும் நாய் என்பது அத்துப்படி. தினமும் கணினி புதிதாக வெட்டிக்கொடுக்கும் ரூட்டில் அந்த அறிவு சேர்வதே இல்லை.

சங்கமும் ஒப்பந்தமும் இருந்தால் வேலை நிலைத்துவிடும் என்றும் எழுதிவிடக் கூடாது. லாபம் குறைந்த அமேசான் பார்சல்களைப் பாதிக்கும் மேல் குறைக்கப்போவதாக யுபிஎஸ் 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில், 34,000 செயல்பாட்டு வேலைகளையும் 14,000 நிர்வாக வேலைகளையும் குறைத்திருப்பதாகச் சொன்னது. மேலாளர்களுக்குச் சங்கமும் இல்லை, ஒன்பதரை மணி நேர விதியும் இல்லை. ஓட்டுநரை விரட்டுகிற அதே ஆளுக்கு அடுத்த மாத வேலை உறுதியில்லை.

ஒப்பந்ததாரர் வழியில் போனால் திரும்ப முடியாது என்பதும் இல்லை. ஜெர்மனியில் டிஎச்எல் 2015-இல் குறைந்த ஊதியத்துக்கு 49 துணை நிறுவனங்களைத் தொடங்கி, 2019-இல் அந்த ஊழியர்களைத் தாய் நிறுவன ஒப்பந்தத்துக்குள் திரும்ப எடுத்தது. அதே 2019-இல், துணை ஒப்பந்ததாரர் காப்பீட்டுத் தொகை கட்டாவிட்டால் பார்சல் நிறுவனமே பொறுப்பு என்று அங்கே சட்டம் வந்தது.

நம் நாட்டில் 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குக் கட்டவேண்டும் என்கிறது. தொழிலாளர்களுக்குக் கொடுத்த தொகையில் 5 சதவீதம் உச்சவரம்பு. முதலாளி யார் என்ற கேள்விக்குள் அது போகவில்லை. எனவே இங்குள்ள நிறுவனங்களை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழ் எழுதும்போது, மாத வருமானம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல் சிலவற்றைக் கேட்டு அச்சிட வேண்டுகிறேன். அந்த வருமானம் எத்தனை மணி நேரத்துக்கு, காத்திருந்த நேரத்துக்குப் பணம் உண்டா, பெட்ரோலும் பஞ்சரும் யார் கணக்கு, தொழிலாளரின் செயலிக் கணக்கை முடக்கினால் முறையீட்டைக் கேட்பவர் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவரா? அமெரிக்கச் செய்தி என்றால், 1,70,000 டாலருக்குப் பக்கத்திலேயே ‘நாளுக்கு மூன்றரை மணி நேரம், மணிக்கு 21 டாலர்’ என்பதும் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
ஈரோடு